முகத்தில் எழுதியிருக்காது

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்ற பழமொழியை நான் நம்புவதில்லை. முகங்களை வைத்தே பிழைக்கிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பா போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். ஸ்கூல் விட்டு வந்ததும் நான் உட்காரும் இடம் வடக்கு ஜன்னலோரம் இருந்த டச்சிங் மேசை. சாய்வான மரச் சட்டம், நடுவில் தேய்த்த கண்ணாடி, ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பிவிடுவதற்குக் கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அதன்மேல் கறுப்பு வெள்ளை நெகட்டிவை வைத்தால் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறித் தெரியும். முகத்தில் கருப்பாக இருக்கும் சுருக்கம், கண்ணுக்குக் கீழே கருவளையம், அம்மைத் தழும்பு எல்லாம் நெகட்டிவில் வெளிறிய கோடுகளும் புள்ளிகளுமாக இருக்கும். பென்சில் கோடு நெகட்டிவில் ஒட்டுவதற்காக முதலில் அதன்மேல் மருந்து தடவ வேண்டும். பிறகு நன்றாகச் சீவிய பென்சிலால் அந்த வெளிறிய இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்ப வேண்டும். பிரிண்ட் போட்டால் சுருக்கம் இருந்த இடம் வெளுத்து, சுற்றியுள்ள தோலோடு சேர்ந்துவிடும். அதிகமாகத் தேய்த்துவிட்டால் முகத்தில் வெள்ளைத் திட்டு விழும். பொறுமை வேண்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும்.

அப்பா ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தார். "பாப்பா, மூக்குலருந்து வாயோரத்துக்கு வர்ற கோட்ட முழுசா எடுத்துடாத. லேசாக்கு, போதும். அத எடுத்துட்டா அவரு வேற ஆளாயிருவாரு."

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தபோது ஆஸ்கர் வைல்டின் டோரியன் கிரே நாவலை வாசித்தேன். 1890-இல் ஒரு பத்திரிகையில் வந்து, மறு வருஷம் இன்னும் சில அத்தியாயங்கள் சேர்ந்து புத்தகமானது. லண்டனில் ஓர் அழகான இளைஞன். பேசில் ஹால்வர்ட் என்ற ஓவியர் அவனை வரைகிறார். இளமை போய்விட்டால் உனக்கு எதுவும் மிச்சமில்லை என்று ஹென்றி பிரபு என்ற பேச்சுக்காரர் அவன் மனதில் பயத்தை விதைக்கிறார். நான் இப்படியே இருக்க வேண்டும், இந்தப் படம் கிழடு தட்டட்டும், அதற்கு என் ஆன்மாவையே கொடுப்பேன் என்கிறான் பையன். அது பலித்துவிடுகிறது.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். என்னைப் பிடித்து நிறுத்திய இடம், படம் முதன்முதலாக மாறுகிற இடம். ஒரு சின்ன நாடகக் கொட்டகையில் நடிக்கும் சிபில் என்ற பெண்ணை டோரியன் காதலிக்கிறான். ஒருநாள் மேடையில் அவள் சரியாக நடிக்கவில்லை. அவனை நிஜமாகவே காதலிக்கத் தொடங்கியபின் மேடைக் காதல் அவளுக்கு வெறும் பொய்யாகத் தெரிகிறது. அன்றைக்கே அவளை வாய்க்கு வந்தபடி பேசித் தூக்கி எறிந்துவிட்டு வீடு திரும்புகிறான். படத்தைப் பார்த்தால் வாயோரத்தில் ஒரு கொடுமை தெரிகிறது. நெற்றியிலும் இல்லை, கன்னத்திலும் இல்லை. அப்பா முழுசாக எடுக்கக்கூடாது என்று சொன்ன கோடு வந்து முடிகிற அதே வாயோரம். வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கடைசியில் ஒரு கிராமத்துப் பெண்ணைக் கெடுக்காமல் விட்டுவிட்டோம், இனிமேல் படம் கொஞ்சமாவது தெளிந்திருக்கும் என்று ஆசையோடு போய்த் திரையை விலக்குகிறான். கண்ணில் ஒரு தந்திரமும், வாயோரத்தில் வேஷக்காரனின் வளைந்த சுருக்கமும் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. வைல்ட் மனித முகத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருக்க வேண்டும்!

ஆனால் நாவலில் நான் திரும்பத் திரும்ப வாசிப்பது பேசில் பேசும் பகுதியைத்தான். ஊரே டோரியனைப் பற்றித் தப்பாகப் பேசுகிறது. பேசில் அதைக் கேட்பதற்காகவே வருகிறார். பாவம் என்பது மனிதனின் முகத்தில் தன்னைத் தானே எழுதிக்கொள்ளும், அதை மறைக்க முடியாது என்கிறார். உன் முகத்தைப் பார்த்தால் இதையெல்லாம் நம்ப முடியவில்லை என்கிறார். நம்முடைய பழமொழியேதான். முகங்களைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் அதைச் சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் மாடி அறையில், அந்த அழகான முகத்துக்காரன் கையாலேயே, பின்னாலிருந்து கத்திக்குத்துப் பட்டுச் சாகிறார். அந்த முகத்தை நம்பாமல் இருந்திருந்தால் தனியாக அவனோடு மாடி ஏறியிருக்க மாட்டார்.

இங்கே யாராவது திருக்குறளை எடுத்துக்கொண்டு வருவார்கள், தெரியும். "அடுத்தது காட்டும் பளிங்குபோல் நெஞ்சம் கடுத்தது காட்டும் முகம்." உண்மைதான். அது குறிப்பறிதலில் வருகிற குறள். நெஞ்சில் அந்த நேரத்துக்கு எழுகிற கோபத்தையும் வருத்தத்தையும் பற்றியது. கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து ஜோடிப் போட்டோவுக்கு உட்காரும் புருஷன் பெண்டாட்டியை எவ்வளவு சிரிக்கச் சொன்னாலும் கண் சிரிக்காது. அது வேறு, ஒருவருடைய குணம் வேறு. குணத்தைப் பற்றி வள்ளுவர் கூடாவொழுக்கத்தில் நேர்மாறாகச் சொல்கிறார். "கணைகொடிது யாழ்கோடு செவ்விதாங் கன்ன வினைபடு பாலால் கொளல்." அம்பு நேராக இருக்கும், கொல்லும். யாழ் வளைந்திருக்கும், இசை தரும். செய்கிற காரியத்தை வைத்து ஆளைத் தெரிந்துகொள் என்கிறார்.

எங்கள் ஸ்டுடியோ ஷோகேஸில் ஒருவருடைய படம் பல வருஷம் இருந்தது. அவர் ஏலச்சீட்டு நடத்தியவர். பெயர் வேண்டாம். அப்படி ஒரு லட்சணமான மனிதரை நான் அதற்கு முன் நேரில் பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டை, படிய வாரிய முடி, பேசும்போது லேசாகத் தலையைச் சாய்த்துக் கேட்கும் பழக்கம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது படம் எடுத்துக்கொள்வார். பிரிண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்ப்பார். அவருடைய நெகட்டிவில் எனக்கு அநேகமாக வேலையே இருக்காது. அந்தப் படத்தை அவருடைய அனுமதியோடு அப்பா பெரிசுபடுத்தி, சட்டம் போட்டு ஷோகேஸில் வைத்தார். அதைப் பார்த்துவிட்டு, எனக்கும் அதேமாதிரி எடுங்க என்று வந்தவர்கள் உண்டு.

அவரிடம் சீட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் கொலுசுப் பட்டறைகளில் வேலை செய்த பெண்கள். நெருப்பின் முன்னால் குனிந்து உட்கார்ந்து, வெள்ளி வளையங்களைப் பற்றவைத்துச் சேர்த்த கூலி. மகளுக்குக் கல்யாணம், மாமனாருக்கு ஆபரேஷன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஒருநாள் ஆள் இல்லை. வீடு பூட்டிக் கிடந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் என் மனதை விட்டுப் போகவில்லை. அந்தப் பெண்கள் எங்கள் ஷோகேஸ் முன்னால் வந்து நின்றார்கள். திட்டினார்கள், அழுதார்கள். பிறகு படத்தையே உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள். "கண்ணப் பாருக்கா, திருட்டு முழி," என்றாள் ஒருத்தி. "அந்தச் சிரிப்பே சரியில்லீங்க, அப்பவே எனக்குப் பட்டுச்சு," என்றார் இன்னொருவர். அதே கண்ணைத்தான், அதே சிரிப்பைத்தான், களையான முகம் என்று அதற்கு முந்தின மாதம்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். பிரிண்ட் போட்ட அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. வாயோரத்தில் ஒன்றும் சேரவில்லை. அப்பா சாயங்காலம் அதைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்ச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார்.

எதை நம்பிப் பணம் கட்டினீர்கள் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது. "ஆளப் பார்த்தா அப்படித் தெரியலீங்களே." அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. நல்ல முகத்தில் நல்ல குணத்தைத் தேடும்படிதான் நம்மைக் கதைகள் பழக்கி வைத்திருக்கின்றன. ராஜகுமாரன் அழகாக இருப்பான், அரக்கனுக்குக் கோரைப்பல் இருக்கும். கம்பர் சூர்ப்பணகையை அனுப்பும்போது மட்டும் நம்மை எச்சரிக்கிறார். பஞ்சும் தளிரும் வருந்தும்படியான பாதம், மயில், அன்னம், மின்னும் வஞ்சிக்கொடி என்று அடுக்கிக்கொண்டே வந்து, அதே மூச்சில் "நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்" என்று முடிக்கிறார். அந்தப் பாட்டின் நடையைக் கேட்டாலே மயக்கம் வரும், அவ்வளவு சொகுசான சந்தம். ஆனால் அதுவும் அரக்கி போட்ட வேஷம்தான். வேஷத்துக்கு அடியில் அவலட்சணமான நிஜ உருவம் காத்திருக்கிறது. ஏலச்சீட்டுக்காரருக்கு அப்படி அடியில் வேறு முகம் எதுவும் கிடையாது.

வைல்டோடு என் சண்டையும் இதுதான். பேசில் நம்பியது பொய் என்று காட்டிவிட்டு, பேசிலின் படத்தில் அதையே மெய்யாக்கிவிடுகிறார். பாவம் செய்யச் செய்ய படத்தில் இருப்பவன் அசிங்கமாகிறான். அப்படியானால் அசிங்கம் என்பது பாவத்தின் தழும்பு என்றுதானே ஆகிறது? 1945-இல் ஹாலிவுட்டில் இதைப் படமாக எடுத்தார்கள். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை, அந்த ஓவியத்தைக் காட்டும்போது மட்டும் சில இடங்களில் கலர். அழுகிப்போன ஓவியத்தை வரைந்தவர் ஐவன் ஆல்பிரைட். முதல் உலகப் போரின்போது ராணுவ ஆஸ்பத்திரியில் காயங்களைப் பார்த்து வரைந்தவர் அவர். அந்த ஓவியம் இப்போது சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. கொப்புளமும் சீழுமாகத் தெரியும் அந்த உருவத்தைப் பார்க்கும்போது எனக்குப் பாவம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை, நோய்தான் ஞாபகம் வருகிறது. அடிபட்ட சிப்பாய்கள் என்ன பாவம் செய்தார்கள்?

நம் ஊரில் இதை எல்லோரையும்விட உக்கிரமாகச் செய்து காட்டியவர் எம்.ஆர்.ராதா. 1954-இல் வந்த ரத்தக்கண்ணீர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த திமிரும், ஆடம்பரமும், தன் அழகில் தனக்கே மயக்கமுமாக இருக்கும் மோகனசுந்தரம், தாசி காந்தாவின் வீடே கதி என்று கிடந்து கடைசியில் குஷ்டரோகியாகிறான். அந்தக் குரலையும் நடையையும் எவராலும் மறக்க முடியாது. நான் ராதாவின் நடிப்புக்கு அடிமை. ஆனால் அந்தக் கதை செய்த காரியம் ஒன்று உண்டு. குஷ்டரோகம் கிருமியால் வருவது. நார்வேயில் ஹேன்சன் என்ற மருத்துவர் அந்தக் கிருமியை 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். படத்தில் அது தப்பு செய்தவனுக்குக் கிடைத்த கூலியாக வருகிறது. என்னை இந்தக் கோலத்திலேயே சிலையாக வைத்து எல்லோருக்கும் பாடமாக்குங்கள் என்றுகூட மோகனசுந்தரம் கேட்கிறான்.

எங்கள் தெருவில் இரவுக் காவலுக்கு ஒரு பெரியவர் இருந்தார். நோய் முழுக்கக் குணமாகிவிட்டது, விரல்கள் மட்டும் மடங்கிப்போயிருந்தன, மூக்கு கொஞ்சம் அமுங்கியிருந்தது. தெருப் பையன்கள் அவருக்கு வைத்த பெயர் "ரத்தக்கண்ணீர்". ஒரு குழந்தையைக்கூட அதட்டிப் பேசாத மனிதர். ஏதோ மனுவுக்காகப் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வந்தபோது, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார். பாஸ்போர்ட் சைஸில் கை விழாது என்று அப்பா எடுத்துச் சொன்னபிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நெகட்டிவை நான் டச்சிங் செய்யவில்லை. அப்பா வேண்டாம் என்றுவிட்டார்.

முகம் சிதைவதைச் சொல்லியும், யார்மேலும் பழி போடாமல் சொல்ல முடியும். அதற்கு நான் மணிமேகலையைத்தான் காட்டுவேன். உதயகுமரன் என்ற இளவரசன் மணிமேகலையின் அழகைத் துரத்திக்கொண்டே இருக்கிறான். அவனிடமிருந்து தப்பக் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொண்டவள், அங்கே இருந்த நரைத்த கிழவி ஒருத்தியை அவனுக்குக் காட்டுகிறாள். "வெண்மணல் ஆகிய கூந்தல் காணாய்" என்கிறாள். புருவம் காய்ந்த இறாலைப்போல ஆகிவிட்டதைப் பார், முத்துப்போன்ற பல் சுரை விதை மாதிரி ஆகிவிட்டதைப் பார் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுகிறாள். டச்சிங் மேசையில் உட்கார்ந்தவர்கள் முகத்தைப் பார்ப்பது சரியாக இதே வரிசையில்தான், மேலிருந்து கீழே. அந்தக் கிழவி எந்தப் பாவமும் செய்தவள் இல்லை. அவளுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். உதயகுமரன் அதைக் காதிலேயே வாங்கவில்லை. அன்றிரவே காயசண்டிகையின் கணவன் கையால் வெட்டுப்பட்டுச் சாகிறான்.

இப்போது நெகட்டிவும் இல்லை, பென்சிலும் இல்லை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிற வேலையில் வரன் பார்க்கக் கொடுக்கும் படங்கள் அதிகம். இன்னும் ரெண்டு ஷேடு வெள்ளை பண்ணுங்க என்பதுதான் எல்லோரும் கேட்பது. பெண்ணைப் பெற்றவர்கள் கேட்கும்போது எனக்குக் கோபம் வராது, அவர்கள் பயந்து கேட்கிறார்கள். படத்தைப் பார்த்து நிறம் கம்மி என்று திருப்பி அனுப்புகிறவர்களைப் பற்றித்தான் யோசிப்பேன். அழகைப் பற்றிய கதைகளில் எப்போதும் அழகாக இருப்பவர்களைத்தான் கூண்டில் ஏற்றுகிறார்கள். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கெட்டுப்போனாள் என்று. டோரியனைக் கெடுத்தது கண்ணாடி இல்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எதையும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்ட வீடுகள்தான். நாவலின் கடைசியில் அவன் படத்தைக் குத்தியதும் அதன் கிழட்டுக் கோலம் அவன்மேலேயே வந்துவிடுகிறது; தரையில் கிடக்கும் அந்தக் கிழட்டுப் பிணம் யாருடையது என்று அவனுடைய வேலைக்காரர்களுக்கே தெரியவில்லை. மோதிரங்களை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

சேலத்துக்காரி இதையெல்லாம் எழுதிவிட்டு மந்திரி குமாரியைச் சொல்லாமல் விட முடியாது. ஏற்காடு ரோட்டில் வளைவு மட்டும் மிச்சமிருக்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இல் எடுத்த படம். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதையிலிருந்து கலைஞர் கருணாநிதி எழுதியது. எம்.ஜி.ஆர். கதாநாயகன் என்றாலும் படத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர் பார்த்திபனாக வரும் எஸ்.ஏ.நடராஜன். ராஜகுருவின் மகன், மிடுக்கான ஆள், ராத்திரியில் கொள்ளைக்காரன். கொள்ளையடிப்பது ஒரு கலை என்று அவன் சொல்லும் வசனத்தை எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் இன்னும் சொல்லிக் காட்டுவார்கள். ஹென்றி பிரபுவும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறார். சிபில் விஷம் குடித்துச் செத்தபிறகு, அதை ஒரு பழைய சோக நாடகத்தின் காட்சியாக நினைத்துக்கொள் என்று டோரியனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அடுத்தவர் சாவையும் நகையையும் கலை என்று பார்க்கத் தொடங்கிவிட்டால், அதற்குமேல் மனசாட்சி எந்த வழியாக உள்ளே வரும்?

அமுதவல்லி, மந்திரியின் மகள், அவனுடைய அழகிலும் பேச்சிலும் மயங்கிக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அவனைக் காப்பாற்றுவதற்காக அம்மன் சிலைக்குப் பின்னால் ஒளிந்து நின்று தெய்வவாக்கு மாதிரிப் பொய்கூடச் சொல்கிறாள். ஆனால் சந்தேகம் வந்ததும் அவள் அவன் முகத்தைப் பார்த்துக் குறி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பின்னாலேயே போய், அவன் என்ன செய்கிறான் என்று பார்க்கிறாள். அப்புறம்தான் "வாராய் நீ வாராய்". ஜி.ராமநாதன் இசை, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. கொலை செய்யக் கூட்டிப்போகிறவன் அவ்வளவு இனிமையாகப் பாடுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். அந்த மலை உச்சியை ஏற்காட்டில்தான் எடுத்தார்கள் என்று அப்பா சொல்வார். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போது, இதுவா அதுவா என்று ஒவ்வொரு பாறையாகக் காட்டுவார். உச்சியில் அவள், சாவதற்குமுன் உங்களைச் சுற்றிவந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி, சுற்றி வந்து, அவனைத் தள்ளிவிடுகிறாள்.

காப்பியத்தில் அவள் பெயர் குண்டலகேசி, இதற்கப்புறம் அவளுக்கு ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. துறவியாகிறாள், தலைமுடியைப் பறித்துக்கொள்கிறாள், ஊர் ஊராகப் போய் நாவல் மரக் கிளையை நட்டு, வாதுக்கு வா என்று பண்டிதர்களைக் கூப்பிடுகிறாள். மிஞ்சியிருக்கும் கொஞ்சம் பாடல்களில் ஒன்று, பாளைப் பருவம் செத்தது, பாலப் பருவம் செத்தது, காளைப் பருவம் செத்தது என்று எண்ணிக்கொண்டே வந்து, "நாளும்நாள் சாகின் றாமால் நமக்குநாம் அழாத தென்னோ" என்று கேட்கிறது. படத்தில் அந்தப் பிற்பாதி கிடையாது. நடந்ததைச் சபையில் வந்து ஒப்புக்கொள்கிற அமுதவல்லியை ராஜகுரு குத்திக் கொன்றுவிடுகிறான். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தை என்னால் ஏற்கவே முடிவதில்லை. முகத்தில் மயங்கி, பிறகு தானே தேடிப்போய்க் கண்டுபிடித்து, தன் உயிரைத் தானே காப்பாற்றிக்கொண்ட பெண் அவள். காப்பியம் அவளைப் பேசவிட்டது. படமும் விட்டிருக்கலாம்.